தூசி உறிஞ்சும் யந்திரங்களைச் சேகரித்தல்



தபால் தலை சேகரிப்பவரை நாம் அறிவோம். பழைய நாணயம், கிராமபோன் இசைத்தட்டு, தாத்தா காலத்துக் கடிகாரம், ஓடாத மோட்டார் கார் இவற்றைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர்களையும் அறிவோம். அவர்களுடைய பித்தில் ஒருவிதக் கௌரவம் உண்டென்று உலகம் ஒப்புக்கொண்டு வெகு காலமாயிற்று. ஆனால், வீட்டுத் தரையைச் சுத்தம் செய்வதற்கென்று ஏற்பட்ட வாக்குவம் கிளீனர்களை ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பது நூறு என்று வாங்கிக் குவித்து, ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் அது சந்தைக்கு வந்த வருஷத்தையும் சஹஸ்ரநாமம் போல ஒப்பித்து, விடிந்ததும் ‘இன்று எதைக்கொண்டு கூடத்தைச் சுத்தம் செய்யலாம்’ என்று யோசனையில் ஆழ்கிற மனிதர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள் என்று நான் சொன்னால், உங்கள் முகங்களில் புன்னகை தோன்றுகிறது. தாராளமாகச் சிரிக்கலாம், அவர்களும் தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்களே. அவர்களுக்கென்று சங்கங்கள் உண்டு. ஆண்டு மாநாடுகள் உண்டு. மிஸௌரி மாகாணத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்னும் சிற்றூரில் இந்த யந்திரங்களுக்கென்றே ஒரு காட்சிசாலையும் ஏற்பட்டது.

சிரித்து முடித்த பிறகு ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சேகரிப்புகளில், பொருளை உபயோகிக்காமல் வைத்திருப்பதே அதைக் காப்பாற்றும் வழி. தபால் தலையைக் கடிதத்தில் ஒட்டிவிட்டால் போயிற்று. பழைய நாணயத்தைக் கடைக்காரரிடம் நீட்டினால் போயிற்று. வாக்குவம் கிளீனரைச் சேகரிக்கிறவர் இதற்கு நேர்மாறான தர்மத்தைக் கைக்கொண்டிருக்கிறார். எண்பது வருஷத்து யந்திரத்தை அலமாரியிலிருந்து இறக்கி, மின்சாரத்தில் மாட்டி, தம் வீட்டுக் கம்பளத்தின் மீது ஓட்டுகிறார். ஓடாத யந்திரம் அவர் கண்ணுக்கு வெறும் தகரம். இந்தத் தர்மம் சரியானது என்பதே என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லுவதற்கு முன்னால், இந்த யந்திரம் ஏன் பிறந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய வீடுகளில் தரை, தரையாகவே இருந்தது. சாணம் மெழுகியதானாலும், செங்கல் பாவியதானாலும், சிமெண்டு பூசியதானாலும், மொஸைக் போட்டதானாலும் அதைப் பெருக்கித் துடைத்தால் வேலை முடிந்தது. பாயையும் ஜமக்காளத்தையும் சுருட்டி எடுத்து வாசலில் உதறிவிடலாம். குளிர் தேசங்களில் நிலைமை வேறு. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆலைகளில் நெய்த கம்பளம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், நடுத்தரக் குடும்பங்கள்கூட அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை கம்பளத்தை விரித்து ஓரத்தில் ஆணி அடித்துவிட்டன. சுருட்ட முடியாத அந்தக் கம்பளம், புகைபோக்கிகளிலிருந்து இறங்கிய கரித்தூளையும், தெருவிலிருந்து காலோடு வந்த மண்ணையும், மாதக்கணக்கில் தன் மயிருக்கடியில் வாங்கி வைத்துக்கொண்டது. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மேஜை நாற்காலிகளின் மேல் போய் உட்காரும். வசந்த காலம் வந்ததும் ஆணியைப் பிடுங்கி, கம்பளத்தைக் கொல்லைப்புறக் கொடியில் தொங்கவிட்டு, பிரம்பினால் பின்னிய மட்டையைக் கொண்டு நாள் முழுதும் அடிப்பார்கள். அடிக்கிறவர் மூச்சுத் திணறிப் போவார்.

இந்தத் துன்பத்துக்குப் பரிகாரம் தேடியவர்கள் பலர். அமெரிக்காவில் 1869-இல் ஐவ்ஸ் மெக்காஃபி என்பவர் கையால் சுழற்றும் விசிறி வைத்த சாதனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1876-இல் மெல்வில் பிஸ்ஸல், உருளும் பிரஷ் வைத்த கம்பளப் பெருக்கியைச் செய்தார். அவர் 1889-இல் காலமானதும் அவர் மனைவி அன்னா பிஸ்ஸல் கம்பெனியைத் தாமே ஏற்று நடத்தி அதைப் பெரிய ஸ்தாபனமாக்கினார். அந்தப் பெயர் கொண்ட சாமான்கள் இன்றும் கடைகளில் விற்கின்றன.

உண்மையான கதை 1901-இல் லண்டனில் தொடங்குகிறது. எம்பயர் இசையரங்கில் ஒருவர் தம் புது யந்திரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். காற்றைப் பலமாக ஊதித் தூசியைக் கிளப்பும் யந்திரம் அது. கிளம்பிய தூசி ஒரு பெட்டிக்குள் போய் விழ வேண்டுமென்பது ஏற்பாடு. கொஞ்சம் விழும், மிச்சம் பறந்து பழைய இடத்துக்கே திரும்பும். பார்வையாளர்களில் ஹ்யூபர்ட் ஸெஸில் பூத் என்ற என்ஜினீயர் ஒருவர். வியன்னா, பாரிஸ் முதலிய நகரங்களில் எழுந்த ராட்சதச் சக்கரங்களை அமைத்த வேலையில் பங்குகொண்டவர் அவர். ‘ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?’ என்று அவர் கேட்டார். அது ஆகாத காரியம் என்று கோபத்தோடு பதில் வந்தது. பூத் அதோடு விடவில்லை. சில நாளுக்குப் பின் விக்டோரியா வீதியில் ஓர் உணவு விடுதியில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கையில், நாற்காலியின் பஞ்சு மெத்தைச் சாய்மானத்தின் மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்துப் பலமாக மூச்சை உள்ளே இழுத்தார். புரையேறித் திணறிவிட்டார். கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் கரியதொரு வளையம் விழுந்திருந்தது. தூசியை உறிஞ்சி எடுத்து, துணியில் வடிகட்டி நிறுத்தலாம் என்னும் சித்தாந்தம் அத்துடன் நிரூபணமாயிற்று. இன்றைக்கும் நம் வீட்டில் உள்ள யந்திரத்தின் சூட்சுமம் அந்தக் கைக்குட்டைதான்.

அதே வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி காப்புரிமை. பூத் செய்த யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதன்று. பெட்ரோல் என்ஜினால் ஓடும் பம்பு, சிவப்பு வர்ணம் பூசிய வண்டி, இழுக்கக் குதிரை. வண்டியை வீதியில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே செலுத்தி, சீருடை அணிந்த ஆட்கள் சுத்தம் செய்வார்கள். அதன் இரைச்சலில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன, வழக்குகள்கூட நடந்தன. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு முன்பு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துப் பெரிய நீலக் கம்பளத்தைச் சுத்தம் செய்யும் பாக்கியம் இதற்குக் கிடைத்தது; பிறகு அரண்மனையிலும் இடம் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது கிரிஸ்டல் மாளிகையில் தங்கியிருந்த கடற்படை வீரர்களிடையே காய்ச்சல் பரவ, பூத்தின் யந்திரங்கள் அந்த மாளிகையிலிருந்து 26 டன் தூசியை எடுத்தன என்று சொல்லப்படுகிறது.

பூத் செய்த ஒரு சிறு யுக்தியை நான் மிகவும் ரசிக்கிறேன். குழாயின் ஒரு பகுதியை அவர் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பொருளால் அமைத்தார். சீமாட்டிகள் சிநேகிதிகளைத் தேநீருக்கு அழைத்து, தங்கள் கம்பளத்தின் அழுக்கு அந்தக் குழாய் வழியே ஓடுவதை வேடிக்கை பார்த்தார்கள். நம் வீட்டு அழுக்கைப் பிறருக்குக் காட்டி அதில் பெருமைப்படலாம் என்று மனித குலத்துக்கு முதன்முதலாகக் கற்றுக்கொடுத்தவர் அவரே. இந்த யுக்தி பின்னால் வேறு ரூபத்தில் திரும்பி வரப்போகிறது.

பூத்தின் வண்டியை எந்தச் சேகரிப்பாளரும் தம் வீட்டு நடையில் நிறுத்திவைக்க முடியாது. அவர் காலத்துப் பெரிய யந்திரத்தை லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலை வைத்திருக்கிறது. சேகரிப்பாளரின் கைக்கு அகப்படும் மிகப் பழைய சரக்கு, மின்சாரம் இல்லாத வீடுகளுக்கென்று அந்தக் காலத்தில் விற்ற துருத்தி யந்திரம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துருத்தியை அமுக்க, மற்றொருவர் குழாயைக் கம்பளத்தில் நகர்த்துவார். இதை ஓட்டிக்காட்டும்போது மாநாட்டுக் கூடமே கலகலத்துப் போகும். அமுக்குகிறவர் இளைஞராக இருப்பது நல்லது.

வீட்டுக்குள் நுழைந்த யந்திரத்தைத் தந்தவர் ஒரு கடையைப் பெருக்கும் வேலைக்காரர். ஒஹையோ மாகாணத்துக் காண்டன் நகரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்ற முதியவர் ஒரு பெரிய கடையின் தரையைச் சுத்தம் செய்யும் உத்தியோகத்தில் இருந்தார். அவருக்கு ஆஸ்துமா, பெருக்கும்போது எழும் தூசியால் இழுப்பு அதிகமாயிற்று. 1907-இல், மின்விசிறியின் மோட்டாரை ஒரு பெட்டியில் பொருத்தி, துடைப்பக் கட்டையைக் கைப்பிடியாக்கி, தலையணை உறையைத் தூசிப் பையாகக் கட்டினார். 1908 ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. தொழில் நடத்தப் பணம் கிடைக்கவில்லை. ஸூஸன் ஹூவர் என்ற அம்மாள் அந்த யந்திரத்தை உபயோகித்துப் பார்த்துத் தம் கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹென்றி ஹூவர் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து விற்றவர். மோட்டார் கார் வந்து குதிரையைத் தள்ளிவிடப் போகிறதென்பதை முன்கூட்டியே உணர்ந்து, வேறு தொழிலைத் தேடிக்கொண்டிருந்தவர். அவர் காப்புரிமையை வாங்கினார். தலையணை உறையில் தொடங்கிய அந்தச் சாதனம் உலகப் பெயராயிற்று. ஸ்பாங்ளர் 1915-இல் காலமானார். ஹூவர் குடும்பத்தினர் முன்னாளில் வாழ்ந்த பண்ணை வீட்டைப் பின்னால் சரித்திரக் காட்சிசாலையாக்கினார்கள். சேகரிப்பாளர்களுக்கு அது க்ஷேத்திரம்.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் மூன்று நான்கு யந்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடன் தேசத்து ஆக்ஸெல் வென்னர்-கிரென் நிறுவிய எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி, 1921-இல் ‘மாடல் ஐந்து’ என்னும் யந்திரத்தை வெளியிட்டது. நீண்ட உருளை வடிவம், கீழே சறுக்கிச் செல்ல இரண்டு மெல்லிய சட்டங்கள். நின்று தள்ளும் வகை, படுத்து இழுபடும் வகை என்று இந்த உலகம் அன்று முதல் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டது. சைவ வைஷ்ணவ வாதங்களுக்குச் சற்றும் குறையாத உற்சாகத்தோடு சேகரிப்பாளர்கள் இன்றும் அதை நடத்திவருகிறார்கள். 1926-இல் ஹூவர் தன் 700-ஆம் மாடலில், பிரஷ் உருளையோடு உலோகத் தட்டிகளையும் சேர்த்தது. காற்றின் இழுப்பில் கம்பளம் சற்று மேலே எழும். சுழலும் தட்டிகள் அதை நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை தட்டும். அடியில் படிந்த மணல் அதிர்ந்து மேலே வர, பிரஷ் கிளறிவிட, காற்று அள்ளிக்கொண்டு போகும். கொல்லைப்புறத்துப் பிரம்பு மட்டை யந்திரத்துக்குள் குடியேறியது என்று சொல்லலாம். 1936-இல் ஹென்றி டிரைஃபஸ் என்ற பிரசித்தி பெற்ற வடிவமைப்பாளர் 150-ஆம் மாடலுக்குப் பேக்லைட்டினால் ஒரு மூடி செய்து கொடுத்தார். ரயில் என்ஜினையும் விமானத்தையும் போல வழவழவென்று வளைந்த அந்த உருவத்தை இன்று பார்த்தாலும் கை தானாகத் தடவப் போகும். 1950-களின் நடுவில் ‘கான்ஸ்டலேஷன்’ என்ற உருண்டை யந்திரம் வந்தது. தான் வெளிவிடும் காற்றையே தரைக்கும் தனக்கும் நடுவில் மெத்தையாக்கிக்கொண்டு மிதக்கும் விநோதம் அது. விண்வெளி மோகம் தலைக்கேறிய காலத்தின் வீட்டுச் சாமான்களில் அதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கம்பளத்தின் ஆழத்துத் தூசியை எடுப்பதில் 700-ஆம் மாடலுக்கு அது ஈடாகாது.

லண்டனுக்கு மேற்கே பெரிவேலில் 1930-களின் தொடக்கத்தில் எழுந்த ஹூவர் தொழிற்சாலையையும் குறிப்பிட வேண்டும். வெண்மையான அந்தக் கட்டடத்தை வாலிஸ், கில்பர்ட் கூட்டாளிகள் அரண்மனை போலவே கட்டினார்கள். இன்று அங்கே டெஸ்கோ பலசரக்கு அங்காடியும் குடியிருப்புகளும் இருக்கின்றன. சேகரிப்பாளர்கள் காய்கறி வாங்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இனி, சேகரிப்பாளர் வீட்டுக்குள் போவோம். பழைய யந்திரம் ஒன்று ஏலத்திலோ, யாரோ ஒரு பாட்டியின் படிக்கட்டுக்கு அடியிலிருந்த அலமாரியிலோ அகப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதை உடனே மின்சாரத்தில் மாட்டுவதில்லை. முதலில் வயரைப் பார்க்கிறார். அந்தக் காலத்து ரப்பர் உறை காய்ந்து, மடித்த இடத்தில் வெடித்திருக்கும். அதை மாற்றுகிறார். யந்திரத்தைக் குப்புறக் கவிழ்த்து, வாய்ப்பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் பிரஷ் உருளை தெரியும். அதன் இரு முனையிலும் தலைமயிரும் நூலும் சுற்றிச் சுற்றி இறுகிப்போயிருக்கும். கத்தரிக்கோலின் நுனியை உள்ளே விட்டு அதை அறுத்து எடுப்பது அரை மணி வேலை. பழைய ஹூவர்களில் மோட்டாரின் தண்டு செங்குத்தாக நிற்கும்; உருளையோ குறுக்காகக் கிடக்கும். ஆகையால் இரண்டையும் இணைக்கும் ரப்பர் பெல்ட்டைக் கால் சுற்று முறுக்கி மாட்ட வேண்டும். எதிர்ப்பக்கமாக முறுக்கினால் உருளை தலைகீழாகச் சுற்றி, உபயோகிக்கிறவர் காலின் மேலேயே தூசியை வாரியிறைக்கும்.

அப்புறம் மோட்டார். மூடியைத் திறந்ததும் கரித்தூள் படிந்த தாமிர வளையம் ஒன்று தெரியும். அதன் மீது இருபுறத்திலிருந்தும் ஸ்பிரிங் அமுக்க, இரண்டு கார்பன் பிரஷ்கள் உரசிக்கொண்டிருக்கும். அவை தேய்ந்து கட்டையாகிவிட்டிருந்தால் நீல நிறப் பொறி பறக்கும். புதியது கிடைக்காவிட்டால் வேறொரு மோட்டாரின் பிரஷை வாங்கிப் உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிக்கொள்கிறார். தாமிரத்தைத் துடைத்து, பேரிங்கில் இறுகிப்போன பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புதிது வைக்கிறார். துணிப் பையை உதறுவது தனிக் காரியம். ஒரு குடும்பத்தின் நாற்பது வருஷ வாழ்க்கையில் உதிர்ந்ததெல்லாம் அதில் இருக்கும். குண்டூசி, சட்டைப் பித்தான், ஒரு பென்னி காசு, நாய் மயிர். பையிலிருந்து எழும் அந்த வாசனையை விவரிக்கச் சொன்னால் சேகரிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நான் மூக்கை மூடிக்கொள்வேன். காசு என்றதும் ஞாபகம் வருகிறது: நின்று தள்ளும் வகையைச் சேர்ந்த பழைய யந்திரங்களில் அழுக்குக் காற்று விசிறியின் வழியாகவே பைக்குப் போகும். ஆகையால் உள்ளே போன காசு விசிறி இறகில் மோதிப் பெரும் சத்தம் எழுப்பும். சில சமயம் இறகை உடைத்தும்விடும். உருளை வகையில் பை முன்னால், விசிறி பின்னால். மோட்டாருக்கு வடிகட்டிய காற்றுதான் போகும். எந்த முறை உயர்ந்தது என்பதைப் பற்றி நான் முன்பு சொன்ன இரு கட்சியினரும் விடிய விடியப் பேசுவார்கள்.

எல்லாம் ஆனபின், மின்னழுத்தத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றும் கருவியின் மூலம் யந்திரத்துக்கு உயிர் கொடுக்கிறார். அமெரிக்க யந்திரம் 110 வோல்ட்டுக்கு ஏற்பட்டது. இங்கிலாந்தில் 240 வோல்ட்டில் நேரடியாக மாட்டினால் அடுத்த நிமிஷம் புகைதான். முதலில் ஒரு முனகல். பிறகு சுருதி மேலே மேலே ஏறி ஒரு ஸ்தாயியில் போய் நிற்கும். ஒவ்வொரு மாடலுக்கும் அந்த ஓசை வேறு. தேர்ந்த சேகரிப்பாளர் அடுத்த அறையில் இருந்துகொண்டே, ஓடுவது எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவார். ராகத்தை முதல் பிடியிலேயே கண்டுகொள்ளும் நம் ரசிகர்களைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமில்லை. இசையோடு இந்த யந்திரத்துக்கு வெளிப்படையான உறவும் உண்டு: 1956 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில், மால்கம் ஆர்னால்டு இயற்றிய ஒரு வேடிக்கை இசைக்கோவையில் மூன்று வாக்குவம் கிளீனர்களும், தரை மெருகேற்றும் யந்திரம் ஒன்றும், நான்கு துப்பாக்கிகளும் வாத்தியக் குழுவோடு சேர்ந்து முழங்கின.

பழைய யந்திரத்தை ஓட்டுவதே சரி என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம், ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் விஷயங்கள் இருக்கின்றன என்பதே. வாக்குவம் கிளீனர் உறிஞ்சுவதாக நாம் பேசுகிறோம். உண்மையில் விசிறி யந்திரத்துக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியிலுள்ள வாயுமண்டலம் தன் பாரத்தால் காற்றையும் தூசியையும் உள்ளே தள்ளுகிறது. வீட்டு யந்திரம் நல்லதாயிருந்தால் அழுத்தத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். இழுப்பு பலமாயிருப்பது ஒன்று. காற்று ஏராளமாக ஓடுவது வேறொன்று. குழாய் வாயைக் கையால் பொத்தினால் இழுப்பு உச்சத்தில் இருக்கும், ஓடும் காற்றோ பூஜ்யம். தூசி ஒரு துளியும் நகராது. சோபா இடுக்குக்கு இழுப்பு வேண்டும், கம்பளத்துக்குக் காற்றோட்டமும் தட்டலும் வேண்டும். சேகரிப்பாளர்கள் ஒரே கம்பளத் துண்டில் சம எடையுள்ள மணலை மிதித்து இறக்கி, ஒவ்வொரு யந்திரத்தையும் ஒரே எண்ணிக்கையில் ஓட்டி, பையை நிறுத்துப் பார்க்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த யந்திரம் தன் உருவத்தைச் சொல்லும். தன் வேலையைச் சொல்லாது.

இந்த அறிவு ஐரோப்பாவில் ஒரு சட்ட விவகாரத்தின்போது பயன்பட்டிருக்க வேண்டும். 2014 செப்டம்பர் முதல் ஐரோப்பிய யூனியன் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு யந்திரங்களின் விற்பனையைத் தடுத்தது. 2017-இல் வரம்பு 900 வாட்டாக இறங்கியது. இனி வீடு சுத்தமாகாது என்று பயந்து, தடை வருவதற்கு முந்தின மாதம் ஜனங்கள் கடைகளை மொய்த்தார்கள். வாட் என்பது யந்திரம் தின்னும் மின்சாரமே தவிர, அது செய்யும் வேலையின் அளவல்ல. 1930-களின் சின்ன மோட்டாரும் நல்ல தட்டி உருளையும் கம்பளத்தை எப்படிச் சுத்தம் செய்யும் என்பதை வாரந்தோறும் கண்ட சேகரிப்பாளர் எவரும் அந்தக் கூட்டத்தில் முண்டியடித்திருக்கமாட்டார்.

விற்பனையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை பூர்த்தியாகாது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, கம்பளத்தில் ஒரு பிடி மண்ணைக் கொட்டி, பிறகு அதை எடுத்துக்காட்டுவது இந்தத் தொழிலின் பிரதான வித்தை. அமெரிக்காவின் கிர்பி கம்பெனி அந்த முறையிலேயே தழைத்தது. அதன் அலுமினிய உடல் கொண்ட யந்திரங்கள் பளபளவென்று மெருகேறி, சேகரிப்பாளர் வீட்டில் முன்வரிசையில் நிற்கின்றன. கிரஹாம் கிரீன் 1958-இல் எழுதிய ஹவானா நாவலில், வாக்குவம் கிளீனர் விற்கிற ஒருவர் அதன் பாகங்களைப் படம் வரைந்து, ரகசிய ஆயுதம் என்று உளவு இலாகாவை நம்பவைக்கிறார். அந்த யந்திரத்தின் உள்ளுறுப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு அசம்பாவிதமாகத் தோன்றாது. நிஜ வாழ்க்கை கற்பனையை மிஞ்சியதும் உண்டு: 1992-இல் பிரிட்டனில் ஹூவர், நூறு பவுனுக்குச் சாமான் வாங்கினால் விமான டிக்கட் இரண்டு இலவசம் என்று அறிவித்தது. யந்திரம் வேண்டாதவர்களெல்லாம் டிக்கட்டுக்காக யந்திரம் வாங்கினார்கள். கம்பெனிக்கு ஏறத்தாழ 5 கோடி பவுன் நஷ்டம்.

புதிய யந்திரங்களைச் சேகரிப்பவர்களை மூத்த சேகரிப்பாளர்களில் சிலர் ஏளனம் செய்கிறார்கள், அது நியாயமன்று. இன்று சாதாரணமாய்க் கிடைப்பதே நாளைக்கு அகப்படாது. ஜேம்ஸ் டைசன், பை அடைத்துக்கொண்டதும் இழுப்புக் குறைவதைக் கண்டு, மர அறுவை ஆலைகளில் தூளைச் சுழற்காற்றால் பிரிக்கும் கூம்பைப் பார்த்து அதை வீட்டு யந்திரத்துக்குள் கொண்டுவர முயன்று, 5,127 மாதிரிகள் செய்தார். 1986-இல் ஜப்பானில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று விற்பனைக்கு வந்தது. 1993-இல் தம் சொந்தக் கம்பெனியின் முதல் யந்திரத்தை வெளியிட்டார். அதில் தூசி விழும் தொட்டி ஒளி ஊடுருவுவது. உள்ளே சேரும் அழுக்கை யார் பார்க்க விரும்புவார்கள் என்று வியாபாரிகள் சந்தேகித்தார்கள். ஜனங்கள் ஆசையோடு பார்த்தார்கள். பூத்தின் சீமாட்டிகள் அறிந்திருந்த ரகசியம் தொண்ணூறு வருஷம் கழித்து மறுபடியும் விலைபோயிற்று. ஸாமர்செட் பிரதேசத்துச் சார்டு என்ற ஊரிலிருந்து வரும் ‘ஹென்றி’ என்னும் யந்திரமோ ஆரவாரம் எதுவுமில்லாதது: சிவப்புத் தொட்டி, கறுப்புத் தொப்பி, சிரித்த முகம், மூக்கே குழாய். எளிதில் கழற்றிப் பூட்டலாம். உதிரி பாகம் கிடைக்கும். ஹெட்டி, ஜேம்ஸ், ஜார்ஜ் என்று அதன் சகோதர வர்க்கத்தையும் வரிசையாக வைத்துப் பரிபாலிக்கிறார்கள்.

புதியவற்றில் எனக்கு உள்ள குறை ஒன்று. இன்றைய கம்பியில்லா யந்திரங்களின் மோட்டார் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழல்கிறது, சாமர்த்தியம் அபாரம். ஆனால் பாட்டரி ஆயுள் முடிந்து, அந்த மாதிரி பாட்டரி செய்வதும் நின்றுபோனால், யந்திரம் முழுதும் நன்றாயிருந்தும் ஓடாது. மோட்டாரோ பிரிக்க முடியாதபடி மூடியது. 1926-இன் யந்திரத்தை இன்று ஒருவர் தம் சமையலறை மேஜையில் பிரித்துச் சரிசெய்ய முடிகிறது. இன்றைய யந்திரத்தை 2126-இல் அப்படிச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. செய்கிறவர்கள் மனம் வைத்தால் மாற்றக்கூடிய குறைதான் இது.

பெரிய காட்சிசாலைகள் முதல் யந்திரத்தை வைத்திருக்கும். அரசர் உபயோகித்ததை வைத்திருக்கும். லட்சக்கணக்கில் விற்று, எல்லோர் வீட்டிலும் இருந்து, எல்லோரும் தூக்கியெறிந்த நடுத்தர மாடலை யார் வைத்திருப்பார்கள்? நம் தாய்மாரும் பாட்டிமாரும் கையால் தள்ளியது அதைத்தான். அதைக் காப்பாற்றுகிறவர் சேகரிப்பாளர் என்னும் இந்தத் தனி மனிதரே. ஓட்டினால் தேயாதா என்று கேட்கலாம். தேயும், பெல்ட்டும் கார்பனும் தேய்வதற்கென்றே ஏற்பட்டவை, மாற்றிக்கொள்ளலாம். ஓடாமல் கிடந்தால் கிரீஸ் இறுகும், ரப்பர் ஒட்டும், தாமிரம் கறுக்கும், கழற்றுகிற கைக்குப் பழக்கமும் விட்டுப்போகும். உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் அதைக் கண்ணாடிக்குள் வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. மற்றதெல்லாம் ஓட வேண்டும்.

நம் தேசத்துக்கு இந்த யந்திரம் பரவலாக வந்தது 1980-களில். 1982-இல் எலெக்ட்ரோலக்ஸின் கூட்டோடு தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனியின் இளைஞர்கள், கழுத்தில் டை கட்டி, சென்னை வெயிலில் மாடிப்படி ஏறி இறங்கி, ‘யூரோகிளீன்’ யந்திரத்தைக் கூடத்தில் வைத்து ஓட்டிக்காட்டியதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். மெத்தையிலிருந்து எடுத்த தூசியை வெள்ளைத் துணியில் அவர்கள் காட்டியதும் வீட்டார் திடுக்கிட்டு வாங்கினார்கள். கம்பளம் இல்லாத வீட்டில் தென்னந்துடைப்பமும் ஈரத்துணியும் போதுமாயிருந்தபடியால், பல வீடுகளில் அந்த யந்திரம் தீபாவளிக்கு ஒரு முறை ஒட்டடைக்கு வெளிவந்து, பிறகு அட்டைப் பெட்டியோடு பரணுக்குப் போயிற்று. குழாய், பிரஷ், விளக்கப் புத்தகம் எல்லாம் ஒன்றுவிடாமல் அப்படியே பெட்டியில் கிடக்கும் யந்திரங்களுக்காக இங்கிலாந்துச் சேகரிப்பாளர் ஏங்குவார்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவே. இந்த வாரம் பரணை ஒரு முறை பாருங்கள். அங்கே அந்தப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டாம். ஆசையில் உடனே பிளக்கிலும் மாட்ட வேண்டாம். தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றச் சொல்லுங்கள், கார்பனைப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் தடவை சீரிஸ் லாம்ப் வைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பையை வாசலில் உதறும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஓடினால், மாதம் ஒரு தரமாவது அதைக்கொண்டு மெத்தையையும் புத்தக அலமாரியையும் சுத்தம் செய்யுங்கள். பெட்டியையும் விளக்கப் புத்தகத்தையும் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.